பந்தல் கம்பியில் வானம்

பெண் பார்க்க வந்த அன்று அருண் ஜோசப் பேசியது ஒரே ஒரு வாக்கியம். அதையும் பெனிஷாவிடம் பேசவில்லை. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தபடி, அவளுடைய அப்பா மரிய ஜோசப்பிடம் கேட்டான்.

“மாமா, பந்தல்ல ஒரு கம்பி ஒரே நீளமா எம்புட்டுத் தூரம் ஓடுது?”

வந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மரிய ஜோசப் மட்டும் சிரிக்கவில்லை. திராட்சைப் பந்தலைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் அவருக்கு அது மரியாதையான கேள்விதான். “நூத்திப்பத்து மீட்டர், மாப்ள. நடுவுல ஒட்டே கிடையாது,” என்றார். அருண் ஜோசப்பின் முகம் மலர்ந்தது. கதவோரம் நின்ற பெனிஷா அந்த மலர்ச்சியைப் பார்த்தாள். நல்ல முகம்தான். ஆனால் அது மலர்ந்தது கம்பிக்கு.

அண்ணன் இம்மானுவேலின் மனைவி விஜிலாவுக்கு, வீட்டில் எல்லோருக்கும் விஜி, அன்றிலிருந்து வாய் ஓயவில்லை.

“ஏன் பெனி, மாப்பிள்ளைக்குப் பிடிச்சது பொண்ணையா, பந்தலையா? எதுக்கும் பந்தலுக்கு ஒரு கூறைச்சேலை எடுத்து வச்சிருவோம்.”

“போங்க மதினி.”

“போங்கன்னா ஆச்சா? கோயில்ல உன்னைய விட்டுட்டுக் கல்தூணுக்குத் தாலி கட்டிட்டா ஊரு எங்களைத்தான கேக்கும்?”

பெனிஷாவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் விளக்கணைத்துப் படுத்த பிறகு அந்தக் கேள்வி தனியாக விழித்துக்கொண்டு கிடந்தது.

அவளுக்கு இருபத்தாறு வயது. உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறாள். அருண் ஜோசப்புக்கு ராயப்பன்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை. பொழுதுபோக்குக்கு ஹாம் ரேடியோ, வீட்டிலிருந்தபடியே ஊர் உலகத்தோடு ரேடியோவில் பேசுவது. அரசாங்க லைசென்ஸ் எல்லாம் உண்டு. வீட்டுக் கொல்லையில் கம்பியும் கம்பமுமாக நிற்கும் என்று கேள்வி. கெட்ட பழக்கம் எதுவும் இல்லை, குணமும் தங்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். பேசத்தான் மாட்டான். நிச்சயத்துக்குப் பிறகு இரண்டு தடவை செல்லில் கூப்பிட்டான்.

“டீச்சர், அங்கன மழையா?”

“இல்லையே.”

“இங்கனயும் இல்ல. சரி, வச்சிர்றேன்.”

பெனிஷாவின் ஆனைமலையன்பட்டிக்கும் ராயப்பன்பட்டிக்கும் நடுவில் இருப்பதே கூப்பிடு தூரம். இதில் மழைச் செய்தி வேறு.

நவம்பர் கடைசியில் திருவருகைக் காலம் தொடங்கிவிடும். பிறகு கிறிஸ்துமஸ் முடியும்வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அதனால் அவசர அவசரமாக ஓலை வாசிக்கக் கொடுத்தார்கள். மூன்று ஞாயிறு, மூன்று ஓலை. பூசை முடிவில் பங்குச் சாமியார் இருவர் பெயரையும் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்பார். மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதுவரை பெண்ணும் மாப்பிள்ளையும் முகம் பார்க்கக் கூடாது, பேசவும் கூடாது என்பது பெனிஷாவின் வீட்டுப் பழக்கம். செல்லில் பேசுவதும் பேச்சுதான் என்று மரிய ஜோசப் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“அதுக்கென்ன மாமா, அவரு செல்லுல மட்டும் பேசிக் கிழிச்சிட்டாரா?” என்றாள் விஜி.

முதல் ஓலை வாசித்த மறுநாள், திராட்சை லோடு இறக்கிவிட்டு வந்த இம்மானுவேல் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து பெனிஷாவின் மேஜையில் வைத்தான். “ஒன் மாப்பிள்ளை குடுத்துவிட்டாரு. பந்தல்ல வடக்குக் கடைசிக் கம்பிய மட்டும் தனியாப் பிரிச்சு, கல்தூணுக்குத் தூணு சைக்கிள் டியூப் துண்டு வச்சுக் கட்டணுமாம். என்னைய என்ன பஞ்சர் கடைக்காரன்னு நெனச்சுட்டாரா?” என்று திட்டிக்கொண்டே, பெட்டியிலிருந்த டியூப் துண்டுகளை எடுத்துக்கொண்டு போனான்.

பெட்டிக்குள் சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி, ஒரு ஹெட்போன், கைநீளத்தில் இரண்டு செம்புக் கம்பிகள், ஒரு சுருள் வயர், நான்காக மடித்த ஒரு தாள். பெனிஷா தாளை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். யாரும் இல்லாத இடத்தில் பிரிக்க வேண்டிய தாள் என்று நினைத்தாள்.

‘பெனிஷா டீச்சர் கவனத்துக்கு’ என்று தொடங்கியது அது.

மின்னல் வெட்டும்போது அதிலிருந்து ரேடியோ அலையும் கிளம்புகிறது. நம் காது கேட்கக்கூடிய அளவுக்கு மெதுவாகத் துடிக்கிற அலைகளும் அதில் உண்டு. கம்பியில் பிடித்துக் காதுக்குக் கொடுத்தால் போதும். ஆனால் ஊரில் கரண்ட் ஓடும்போது அதன் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். ஆகவே கரண்ட் இல்லாத நேரத்தில் மட்டும் கேட்கவும். பெட்டியில் உள்ள சுவிட்சை ‘மேல்’ பக்கம் தள்ளினால் பந்தல் கம்பி வழியாக வானம் கேட்கும். ‘கீழ்’ பக்கம் தள்ளினால், நாற்பது தப்படி இடைவெளியில் மண்ணில் அடித்த இரண்டு செம்புக் கம்பிகள் வழியாகத் தரை கேட்கும். தினமும் மாலை ஆறு மணிக்கு என் கொல்லையிலிருந்து, பேட்டரியில் ஓடும் மைக் செட் ஆம்ப்ளிபயரை வைத்து, மண்ணுக்குள் சத்தம் அனுப்புவேன். கேட்டால் குறித்து வைக்கவும். கம்பி அடித்த இடத்தில் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைக்கவும். பின்பக்கம் மோர்ஸ் அட்டவணை உள்ளது. நன்றி.

அவ்வளவுதான். பெனிஷா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் புள்ளியும் கோடும். ‘அன்புள்ள’ என்று ஒரு வார்த்தை எந்த மூலையிலும் இல்லை. அவள் பள்ளிக்கூடத்து லேப் உதவியாளருக்குக்கூட இதைவிடப் பிரியமாகக் குறிப்பு எழுதுவாள்.

பெட்டியை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாமா என்று அன்று முழுக்க யோசித்தாள். ஆனால் படித்த படிப்பு சும்மா விடவில்லை. அந்த வருஷம் கரண்ட் வெட்டு எல்லோர் வாயிலும் விழுந்து புரண்டது. அவர்கள் பக்கத்துக்கு நாலரையிலிருந்து ஆறரை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், செம்புக் கம்பிகளை மண்ணில் அடித்து, வயரையெல்லாம் பெட்டியோடு இணைத்துவிட்டு, பழைய நோட்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு பந்தலுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள்.

தலைக்கு மேலே பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாகக் கறுத்துத் தொங்கியது. இலைகளுக்கு நடுவே விழுந்த வெயில் மண்ணில் காசு காசாய்க் கிடந்தது. மேற்கே மலை முழுக்க மேகம். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவிட்சை மேலே தள்ளினாள்.

முதலில் சோளம் பொரிகிற மாதிரி இருந்தது. பிறகு அந்தப் பொரிக்குள்ளேயே தூரம் தெரிந்தது. சில பொரி காதுக்கு அருகில், சில எங்கோ அடிவானத்தில். வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மின்னல், இலங்கையில் ஒன்று, அதற்கும் அப்பால் கப்பல் மட்டுமே போகிற கடலில் ஒன்று. இத்தனை மழையும் இத்தனை நாளாய்த் தன் தலைக்கு மேல் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணை மூடிக்கொண்டாள். பந்தல் மெல்ல அசைவது போலவும், தான் அதன் அடியில் ஒரு தோணியில் படுத்திருப்பது போலவும் இருந்தது.

ஆறு மணிக்கு சுவிட்சைக் கீழே தள்ளினாள். தரை அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்கு அடியிலிருந்து, ஒரு வண்டு ரீங்கரிப்பது போல, மெலிதாக வந்தது. மூன்று குட்டை, ஒரு நெட்டை. மறுபடி மூன்று குட்டை, ஒரு நெட்டை. ஒன்றரைக் கிலோமீட்டர் செம்மண்ணைத் தாண்டி ஒருவன் தட்டுகிறான். நோட்டில் குறித்துக்கொண்டு அட்டவணையைப் பார்த்தாள். ‘வி’.

“வீயா?” என்றாள் விஜி, அன்று ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டே. “எம்பேரை எதுக்கு அடிக்கிறாரு?”

“சோதனைக்கு எல்லாரும் அடிக்கிற எழுத்தாம் மதினி. உலகம் பூரா.”

“அப்ப நாளைக்கு வேற எழுத்து வருமில்ல?”

வரவில்லை. மறுநாளும் ‘வி’. அதற்கடுத்த நாளும். பத்து நிமிஷம் நிறுத்தாமல் தட்டிவிட்டு அவன் போய்விடுவான். அட்டவணையில் இருபத்தாறு எழுத்து இருந்தது. ஒருவனுக்கு ஒருத்தியிடம் சொல்ல ஒன்றுமே இல்லை என்றால்கூட, குறைந்தபட்சம் அவள் பெயரை அடித்துப் பார்க்கத் தோன்றாதா?

அவளுக்குத் துணையாக இருந்தது வானம்தான். இருட்டத் தொடங்கியதும் பொரியும் சத்தம் மாறியது. நடுவில் ‘ட்யூ’ என்று ஒரு துளி. நிறைகுடத்தில் சொட்டு விழுந்து உள்ளுக்குள்ளேயே ஓடுகிற மாதிரி. அது எங்கோ வெகுதூரத்து மின்னல் என்றும், தரைக்கும் மேல்வானத்துக்கும் நடுவே மோதி மோதி வருவதால் அப்படிக் கேட்கிறது என்றும் அவளாகவே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தாள். நோட்டில் எண்ணிக்கை எழுத ஆரம்பித்தவள், போகப்போக வேறு எதையெல்லாமோ எழுதினாள். ‘இன்று வானம் கொஞ்சம் கோபமாக இருந்தது.’ ‘ஆறு இருபதுக்கு வெள்ளிக் கொலுசைப் படிக்கட்டில் இழுத்த மாதிரி ஒன்று.’ ‘எனக்கு முன்னால் இந்த மண்ணில் யார் இதைக் கேட்டிருப்பார்கள்?’ யாரும் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதினாள்.

ஆறரைக்குக் கரண்ட் வரும். காதுக்குள் ஹோ என்று இரைச்சல் பொங்கும். அவள் ஹெட்போனைக் கழற்றிச் சுருட்டிவிட்டு, வழி தெரிய மோட்டார் ரூம் பல்பைப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடப்பாள்.

இரண்டாவது ஓலையும் வாசித்தாகிவிட்டது. சாமியார் தடையைப் பற்றிக் கேட்ட அந்த நொடியில் பெனிஷா தலையைக் குனிந்துகொண்டாள். கோயிலை விட்டு வெளியே வந்ததும் விஜியின் கையைப் பிடித்தாள்.

“மதினி, சனிக்கிழமை எங்கூட சாமியார் பங்களாவுக்கு வரணும்.”

“எதுக்குடி?”

“மூணாவது ஓலையை நிறுத்தச் சொல்லணும்.”

விஜிக்குச் சிரிப்பு போய்விட்டது. “ஏய், நான் சும்மா கேலிக்குச் சொன்னேன்டி. அதைப் போயி...”

“நீங்க சொன்னது கேலிதான். எனக்கு அது நெசமாத் தோணுது. அவருக்கு ஒரு பந்தல் வேணும், குறிப்பெழுத ஒரு ஆள் வேணும். அந்த ஆளு நானாத்தான் இருக்கணும்னு இல்ல. காலம் பூரா ஒரு மனுசன் பக்கத்துல ‘வி’ மட்டும் கேட்டுக்கிட்டு என்னால உக்கார முடியாது மதினி.”

விஜி அவள் கையை விடாமல் நாலு எட்டு நடந்தாள். பிறகு, “வர்றேன். ஆனா அதுக்குள்ள அந்த மனுசனை ஒரு வார்த்தை கேட்டுரு,” என்றாள்.

“எப்படிக் கேக்க? பேசத்தான் கூடாதே.”

கேட்கும் கருவியை அனுப்பியவன் பேசும் கருவியை அனுப்பவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவள் அதையே யோசித்தாள். வியாழக்கிழமை ஆறரைக்குக் கரண்ட் வந்து, மோட்டார் ரூம் சுவிட்சில் கை வைத்தபோதுதான் பொறி தட்டியது. அந்தப் பல்புக்கு வருகிற வயர் ஒன்றுதான். இன்னொன்று எலி கடித்து அறுந்த நாளிலிருந்து, வாசலோரம் பூமியில் அடித்த இரும்புக் கம்பியோடு பல்பை முடிந்து ஓட்டிக்கொண்டிருந்தார் அப்பா. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். அப்படியென்றால் பல்பு எரியும்போதெல்லாம் கரண்ட் மண்ணுக்குள் போகிறது. போட்டு அணைத்தால் மண்ணுக்குள் ஒரு தட்டு.

அவள் அட்டவணையைப் பார்த்தாள். பி. ஒரு நெட்டை, மூன்று குட்டை. இ. ஒரு குட்டை. என். ஐ. சுவிட்சைத் தட்டினாள். பெனி. இதோ, எனக்கு ஒரு பெயர் இருக்கிறது.

பலமாகப் போக வேண்டுமே என்று, குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து இரும்புக் கம்பியைச் சுற்றி ஊற்றினாள். ஊற்ற ஊற்றப் பல்பின் வெளிச்சம் கூடியது. அவளுக்குள் இருந்த டீச்சர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாளே தவிர, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதே ஈரத்தில் தான் நிற்பதைக் கவனிக்கவில்லை. வாசலில் நின்றபடியே கையை உள்ளே நீட்டி மறுபடி தட்டினாள். பெனி. கணுக்காலில் எறும்பு ஊர்வது போல் இருந்தது. பெனி. பெனி. பத்து நிமிஷம் தட்டினாள். பதில் வராது என்று தெரியும். கரண்ட் இருக்கும்போது எதுவும் கேட்காது. இருந்தும் நிறுத்த மனம் வரவில்லை. சொல்லாமல் விட்டதை எல்லாம் அந்த நாலு எழுத்தில் வைத்துத் தட்டினாள்.

“டீச்சர்! கையை எடுங்க! சுவிட்சத் தொடாதீக!”

வரப்பில் ஒருவன் ஓடிவந்துகொண்டிருந்தான். கைலியை மடித்துக் கட்டியிருந்தான். சட்டையில் பாதிப் பொத்தான் இல்லை. பந்தலுக்குள் குனியாமல் ஓடிவந்ததில் தலையெல்லாம் திராட்சை இலை. அவளைத் தாண்டி மோட்டார் ரூமுக்குள் புகுந்து, பீஸ் கட்டையைப் பிடுங்கினான். பல்பு அணைந்தது. பிறகு அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

“ஒண்ணும் ஆகலையே? கை காலு மரத்துப் போச்சா? நெஞ்சு படபடங்குதா?”

“இல்ல... எறும்பு மாதிரி...”

“எறும்பா!” அவன் குரல் உடைந்தது. “ஈரத்துல நின்னுக்கிட்டு எர்த் லைட்டைத் தட்டி விளாடுறீகளே. பிசிக்ஸ் டீச்சர் பண்ற வேலையா இது?”

சத்தம் கேட்டு மரிய ஜோசப்பும் விஜியும் வீட்டிலிருந்து ஓடிவந்தார்கள். மரிய ஜோசப் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன மாப்ள, மோட்டார் ரிப்பேர்னு யாரும் சொன்னாகளா? டூல்ஸ் பை எங்க?”

அருண் ஜோசப் தன் கைகளைப் பார்த்தான். இரண்டும் வெறுங்கை. காலிலும் செருப்பு இல்லை. நெருஞ்சி குத்தி ரத்தம் வந்திருந்தது. “பையா...” என்றான். “எடுக்கத் தோணலை மாமா.”

விஜி ஏதோ புரிந்த மாதிரி மாமனாரின் தோளைத் தொட்டாள். “மாமா, வாங்க, டார்ச் எடுத்துட்டு வருவோம்.” போகிற போக்கில் பெனிஷாவைப் பார்த்து, கேளு என்பது போலக் கண்ணைக் காட்டிவிட்டுப் போனாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. இருவரும் கல்தூணுக்கு இரண்டு பக்கம் நின்றார்கள்.

“நான் அடிச்சதைப் படிச்சீகளா?” என்றாள் பெனிஷா.

“அடிச்சீகளா? மோர்ஸா அது?” அவன் திகைத்தான். “படிக்கலையே டீச்சர். லைட்டு எரிஞ்சு எரிஞ்சு அணையிற சத்தம் வந்துச்சு. யாரோ கரண்டுல மாட்டி உதறுறாகன்னுதான்... நீங்கதான்னு...”

“லைட்டு எரியிற சத்தம் உங்களுக்கு எப்படித் தெரியும்? கரண்ட் வந்ததும் எல்லாரும் ஹெட்போனைக் கழட்டிருவாகளே.”

அவள் காத்திருந்தாள். இவனிடம் காத்திருக்கத்தான் வேண்டும்போல.

“நான் கழட்ட மாட்டேன்,” என்றான் கடைசியில், தரையைப் பார்த்து. “ஆறரைக்குக் கரண்ட் வரும். ஒரு நிமிசம் கழிச்சு நீங்க இந்த லைட்டைப் போடுவீக. இரைச்சல் ஒரு பொட்டு ஏறும். நீங்க வீட்டுக்குக் கெளம்பிட்டீகன்னு தெரியும். அதைக் கேட்டுட்டுத்தான் நான் எந்திரிப்பேன். மொத நாளே இந்த லைட்டு ஆபத்துன்னு மாமாட்ட சொல்லிருக்கணும். மாத்திட்டா அது கேக்காமப் போயிருமேன்னு சொல்லாம விட்டேன். தப்புதான்.”

பெனிஷா அணைந்த பல்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கோபமாகக் கேட்டாள். “அப்புறம் எதுக்குப் பத்து நாளா வெறும் ‘வி’ அடிச்சீக?”

“வேற அடிச்சா நீங்க நோட்டுல எழுதுவீக. உங்க மதினி படிப்பாக.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர். “பொண்ணு பாக்க வந்தப்ப எதைப் பாத்தீக? உண்மையைச் சொல்லணும்.”

“பந்தலைத்தான் பாத்தேன்,” என்றான் அவன் நேராக. “உங்க பக்கம் திரும்பப் பயமா இருந்துச்சு. வீட்டுக்குப் போனதுக்கப்புறம்தான், நீங்க என்ன கலர் சேலை கட்டியிருந்தீகன்னுகூடத் தெரியலையேன்னு மூணு நாளு தூக்கம் வரலை.”

அவன் பொய் சொல்லத் தெரியாதவன் என்பது பெனிஷாவுக்கு விளங்கியது. அவள் கல்தூணின் அடியில் வைத்திருந்த நோட்டை எடுத்து நீட்டினாள். யாருக்கும் காட்டாத நோட்டு. அவன் சட்டைப்பையிலிருந்த செல்லின் சின்ன வெளிச்சத்தில் பிரித்தான். முதல் பக்கத்தில் எண்கள். இரண்டாவதிலும் எண்கள். மூன்றாவது பக்கத்தில் அவன் விரல் நின்றது. வெள்ளிக் கொலுசைப் படிக்கட்டில் இழுத்த மாதிரி. மெதுவாகப் படித்தான். பக்கத்தைப் புரட்டினான். காலில் ரத்தம் வழிவதையும் கொசு மொய்ப்பதையும் மறந்து, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தான். பந்தலை அவன் ஒருதடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதை அவள் கவனித்துக்கொண்டே நின்றாள்.

“என் கொல்லைக்குப் பக்கத்துலயே டிரான்ஸ்பார்மர்,” என்றான். “ஆறு வருசமா முயற்சி பண்றேன், இந்தத் துளிச் சத்தம் ஒரு தடவைகூட எனக்கு வந்ததில்லை. இப்பக் கேட்டுருச்சு.”

டார்ச் வெளிச்சம் பந்தலுக்குள் வந்தது. மரிய ஜோசப் தொண்டையைச் செருமினார். அவர் முகத்தில் கவலை.

“ஆத்தா, ஓலை முடியுமுன்ன பாத்துப் பேசியாச்சு. பழக்கம் தப்பிப் போச்சு. சாமியாருகிட்ட என்னன்னு சொல்ல?”

விஜி மூச்சுவிடாமல் பெனிஷாவைப் பார்த்தாள். சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

பெனிஷா அப்பாவின் கையிலிருந்த டார்ச்சை வாங்கி, அருண் ஜோசப்பின் காலுக்கு நேராகப் பிடித்தாள். முள் எங்கே என்று குனிந்து பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமை நல்லாச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்கப்பா,” என்றாள். “மதினி, ஒரு ஊக்கு குடுங்க.”